சுவரில் பதிக்கும் ஆறடிப் பவளத் தொட்டி: எதை எதோடு ஒப்பிட்டு முடிவெடுப்பது

சுவருக்குள் பவளத் தொட்டி (உயிருள்ள பவளமும் கடல்மீனும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி) வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கண்ணாடியிலிருந்து தொடங்குகிறார்கள். எத்தனை மி.மீ., எந்தக் கடை, என்ன விலை என்று விசாரித்துவிட்டு, அப்புறம்தான் அது உட்காரப்போகும் சுவரைப் பார்க்கிறார்கள். தொடங்க வேண்டிய இடம் அந்தச் சுவரின் மறுபக்கம். வரவேற்பறையில் தெரிவது ஒரு கண்ணாடி முகம் மட்டுமே. பம்பு, ஸ்கிம்மர் (நீரிலுள்ள கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி), குழாய், விளக்கு, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் பின்னால்தான் வாழ்கின்றன. சுவரை மூடிய பிறகு அங்கே கை எட்டுமா, காற்று போகுமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற முடிவுகளில் பாதி தானாகவே விழுந்துவிடும்.

கணக்குக்கு ஒரே அளவை எடுத்துக்கொள்வோம்: 180 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம். மொத்தக் கொள்ளளவு 810 லிட்டர். இடம் சென்னை. ஊரைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் படிக்கக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே ஹீட்டர் எத்தனை வாட் என்பது கவலை. இங்கே கவலை நேர் எதிர்த்திசையில் இருக்கிறது.

எந்தப் பவளம் என்பதைச் சட்டம் முதலில் சொல்கிறது

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கடினப் பவளங்கள் அனைத்தும் இடம்பெற்றிருக்கின்றன. கடல் விசிறி, கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம் ஆகியவையும், கடல் அட்டைகளும், கடல்குதிரைகளும், சில பெருஞ்சிப்பி இனங்களும் அதே வரிசைதான். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு இவற்றுக்கும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவிலிருந்து வெட்டி வந்த 'உயிர்ப்பாறை' என்று யாராவது விற்றால், அது செத்த பவள எலும்புக்கூடாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் பவளம்தான். வாங்காதீர்கள். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் திட்டுகள் ஏற்கெனவே பட்டிருக்கும் அடி போதும்.

ஆகவே இங்கே நடைமுறைத் தேர்வு மென்பவளங்கள்: காளான் பவளம், சோவாந்தஸ், தோல் பவளம் போன்றவை. அவற்றுக்கும் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் பில் கேட்டு வாங்குங்கள். பாறைக்குச் செயற்கைப் பீங்கான் பாறையோ சிமென்ட்டில் வார்த்த பாறையோ போதும். சிமென்ட் பாறையை வாரக்கணக்கில் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பி.எச். ஏறுவது நின்ற பிறகுதான் தொட்டிக்குள் இறக்க வேண்டும். கோமாளி மீனுக்குக் கடலைத் தேடவே வேண்டாம். ராமேஸ்வரம் அருகே மண்டபத்திலும் கேரளத்தின் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையங்கள் அதைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை என்றோ நிலைநிறுத்திவிட்டன. வளர்ப்பு மீன் தீனிக்கும் தொட்டிக்கும் பழகியே வரும்.

இந்தத் தேர்வு செலவையும் மாற்றுகிறது. மென்பவளத்துக்குக் கடும் வெளிச்சம் வேண்டாம், கால்சியம் ரியாக்டர் (தொட்டி நீருக்குக் கால்சியத்தைக் கரைத்துக் கொடுக்கும் கருவி) வேண்டாம். சிங்கப்பூரிலோ துபாயிலோ உரிய ஆவணத்தோடு கடினப் பவளம் வாங்கக்கூடியவர்களுக்கு இந்த இரண்டு கணக்கும் வேறு.

பின்னறை, மாடம், பிரித்த அமைப்பு

முதல் வழி, தொட்டியின் பின்னால் தனியறை. ஸ்டோர் ரூம், பயன்படாத குளியலறை, படிக்கட்டுக்கு அடியில் உள்ள இடம் எதுவானாலும் சரி. தொட்டியின் பின்முகத்திலிருந்து எதிர்ச்சுவர் வரை குறைந்தது 80 செ.மீ. வேண்டும். மேல்விளிம்புக்கு மேலே 60 செ.மீ. காலியாக இருக்க வேண்டும். குளியலறை என்றால் தரையில் வடிகாலும் தண்ணீர்க் குழாயும் ஏற்கெனவே இருக்கும். அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடைக்காது.

இரண்டாவது வழி மாடம். பின்னால் அறை இல்லை. தொட்டி ஒரு சுவர்க்குழியில் உட்காரும், கீழே அலமாரிக்குள் வடிகட்டும் தொட்டி, எல்லா வேலையும் முன்பக்கத்திலிருந்து. நம்மூரில் சம்ப் என்றால் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வரும் என்பதால் இந்த வடிகட்டும் தொட்டியைக் கீழ்த்தொட்டி என்றே சொல்வோம். மாடம் அழகாக இருக்கும், இடம் மிச்சம். ஆனால் பின்கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சொட்டுக் கசிவு வந்தால் அதைப் பார்க்கவே முடியாது. சுவரில் உப்புப் பூத்து, பெயின்ட் உப்பி, அடுத்த அறையில் தெரியும்போது மாதங்கள் ஓடியிருக்கும். நான்கடிக்கு மேற்பட்ட தொட்டிக்கு இந்த வழி வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

மூன்றாவது வழியில் தொட்டி சுவரில் இருக்கும், கீழ்த்தொட்டி மட்டும் பால்கனியிலோ சர்வீஸ் ஏரியாவிலோ கீழ்த்தளத்திலோ இருக்கும். சத்தமும் வெப்பமும் வெளியே போய்விடும். ஆனால் தண்ணீரை ஏற்றும் உயரமும் குழாய் நீளமும் கூடக் கூட பம்பு தள்ளும் அளவு குறையும். ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு 60 வாட்டில் முடிவது ஒரு தளம் ஏற்றினால் அதைப்போல் மும்மடங்கு கேட்கலாம், அதுவும் இரவு பகலாக. வெயிலில் ஓடும் குழாய் தண்ணீரையும் சூடாக்கும். முதல் வழிக்கு இடமே இல்லாதவர்களுக்கு மட்டும் இது.

பின்னறை இருந்தாலும் கை எட்டுவது தனிக் கணக்கு. பின்னால் நின்று முன்கண்ணாடியின் அடிமூலையைத் தொட, 75 செ.மீ. குறுக்கே, 60 செ.மீ. கீழே போக வேண்டும்; மூலைவிட்டம் 96 செ.மீ. எந்தக் கையும் அவ்வளவு நீளமில்லை. அகலத்தை 60 ஆக்கினால் 85 செ.மீ. ஆகும், இடுக்கியோடு சமாளிக்கலாம். 75 தான் வேண்டும் என்றால் (அந்த ஆழம் பாறை அடுக்குவதற்குத் தரும் அழகு உண்மையில் பெரிது) வரவேற்பறைப் பக்கம், தொட்டியைச் சுற்றிப் பொருத்தும் சட்டத்துக்கு மேலே 40 செ.மீ. உயரத்தில் கழற்றி மாட்டும் பலகை ஒன்றை முதல் வரைபடத்திலேயே போடுங்கள். காந்தப் பிடிப்பு போதும், கைப்பிடியே தெரியாது. இந்தப் பலகையை விட்டுவிட்டுக் கட்டிய தொட்டிகளில் முன்கண்ணாடி அடியில் பாசி கெட்டியாகிப் படிந்திருப்பதை எப்போதும் பார்க்கலாம்.

எந்தச் சுவரை உடைக்கலாம்?

நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் கவலை குறைவு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மேல்தளத்தைத் தாங்குவதாக இருக்கலாம்; கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட் சுவர்கள் கொண்ட புது அடுக்குமாடிகளில் உடைப்பதே கூடாது, அங்கே சுவர்தான் தூண். திறப்புக்கு மேலே லிண்டல் போட்டு, இருபுறமும் குறைந்தது 15 செ.மீ. சுவரில் உட்கார வையுங்கள். தொட்டியைச் சுற்றிலும் 10 முதல் 12 மி.மீ. இடைவெளி விட்டு மென்நுரைப் பட்டையால் அடைத்து, மேலே சட்டம் போட்டு மூடுங்கள். கொத்தனார் அந்த இடைவெளியைக் கண்டதும் சிமென்ட் பூச வருவார், விடாதீர்கள். சுவர் ஒரு மி.மீ. இறங்கினால் போதும், கண்ணாடி வெடிக்கும். சட்டத்துக்கு ஜிப்சம் பலகையும் பார்ட்டிக்கிள் போர்டும் ஆகாது. டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகை அல்லது கிரானைட் பட்டை நிற்கும்.

எடையைப் பாருங்கள். 15 மி.மீ. கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 165 கிலோ. நீர், பாறை, மணல் சேர்ந்தால் ஒரு டன். தொட்டி நிற்கும் 1.35 சதுர மீட்டருக்கு அதைப் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 750 கிலோ. வீட்டுத் தளத்துக்கு இந்தியத் தரக்குறியீடு எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தளம் முழுவதற்குமான கணக்கு அது என்பதால், உடனே தளம் விழுந்துவிடும் என்று பொருளில்லை. பீமுக்கு மேலேயோ பீமுக்கு ஒட்டியோ வைத்தால் பல வீடுகள் தாங்கும். ஆனால் மாடி வீட்டில் அறை நடுவே வரும் தடுப்புச் சுவருக்கு அடியில் பீம் இருக்கிறதா என்று பொறியாளரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். தரைத்தளம் என்றால் நிம்மதி.

தாங்கிக்கு இரும்புச் சட்டம், பிளைவுட் அலமாரி, செங்கல் தூண் என்று மூன்று வழி சொல்வார்கள். தரைத்தளத்தில் செங்கல் தூண் மூன்று எழுப்பி மேலே 40 மி.மீ. கிரானைட் பலகை போடுவதுதான் நமக்கு மலிவு, துருப்பிடிக்காது, ஆடாது. மாடியில் எடை குறைய வேண்டும் என்பதால் இரும்பு. பற்றவைத்த பிறகு எபாக்சி பூச்சு, வெட்டு முனைகள் உட்பட. பிளைவுட்டை இந்த ஈரத்தில் நம்ப முடியாது. கிரானைட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே 12 மி.மீ. தெர்மகோல் போடுவது பழைய வழக்கம், சரியான வழக்கம். தாங்கி 90 செ.மீ. உயரம் இருந்தால் கீழே ஸ்கிம்மரின் கோப்பையை மேல்நோக்கித் தூக்கி எடுக்க இடம் கிடைக்கும். இதைவிடத் தாழ்வாகக் கட்டி, கோப்பை வெளியே வராமல், கழுவுவதை ஒத்திப்போடும் வீடுகள் நிறைய.

கண்ணாடியா, அக்ரிலிக்கா?

அக்ரிலிக் எடை குறைவு என்பதுதான் முதல் வாதம். இந்த அளவில் 19 மி.மீ. அக்ரிலிக் ஏறக்குறைய 100 கிலோ. ஒரு டன்னில் 65 கிலோ குறைவது மாடிப்படியில் தூக்கிச் செல்லும் ஆட்களுக்கு உதவும், தளத்துக்கு உதவாது. வெப்பத்தைக் கண்ணாடியைவிட ஐந்தில் ஒரு பங்கே கடத்தும் என்பது உண்மையான சாதகம். வரவேற்பறையில் ஏசி இல்லாத வீட்டில், புழுக்கமான இரவுகளில் 26 டிகிரி கண்ணாடி முகத்தில் ஆவி படியும். அக்ரிலிக்கில் அது குறைவு. ஆனால் பாசி சுரண்டும் காந்தத்தில் ஒரு மணல் துகள் மாட்டினால் அக்ரிலிக்கில் நிரந்தரக் கீறல். பவளத் தொட்டியில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி படியாத நாளில்லை, அதைச் சுரண்டாமல் இருக்கவும் முடியாது. சுவரில் பதித்த தொட்டிக்கு மிஞ்சியிருப்பது ஒரே முகம். அதில் கீறல் விழுந்தால் திருப்பி வைத்துக்கொள்ள வேறு பக்கமில்லை.

எனவே கண்ணாடி. முன்முகத்துக்கு மட்டும் இரும்புச்சத்துக் குறைந்த எக்ஸ்ட்ரா கிளியர், மற்ற மூன்றுக்கும் சாதாரணம். பக்கங்கள் சுவருக்குள் மறைகின்றன. 60 செ.மீ. நீருயரத்துக்கு மேல்பட்டை (மேல்விளிம்பில் கிடையாக ஒட்டும் கண்ணாடிப் பட்டை) இல்லாவிட்டால் 15 மி.மீ., சுற்றிலும் 8 செ.மீ. மேல்பட்டை ஒட்டினால் 12 மி.மீ. போதும். உயரத்தை 75 செ.மீ. ஆக்கினால் 19 மி.மீ. ஆகிவிடும், செலவு எகிறும், கையும் எட்டாது. உயரம் கூட்ட ஆசைப்படுபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒட்டுவதற்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத அசிட்டிக் சிலிகோன், உலர 14 நாள். டஃபன் செய்த (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது, நொறுங்கிவிடும். துளைகளை ஆர்டரிலேயே குறித்துக் கொடுங்கள்.

வழிந்தோடும் குழாய்

தொட்டியிலிருந்து கீழ்த்தொட்டிக்கு மணிக்கு 2500 முதல் 4000 லிட்டர் இறங்க வேண்டும். டர்சோ முறையில் ஒரே குழாய், காற்றும் நீரும் சேர்ந்து இறங்கும். கட்ட எளிது, களகளவென்று சத்தம், அடைத்தால் வரவேற்பறையில் வெள்ளம். ஹெர்பியில் இரண்டு: ஒன்று முழு நீராக ஓசையின்றி இறங்கும், மற்றது அவசரத்துக்கு. பீன் அனிமல் முறையில் மூன்று: முழுநீர்க் குழாய், அதற்கு மிஞ்சியதைச் சொட்டாக ஏற்கும் திறந்த குழாய், எப்போதும் காலியாக நிற்கும் அவசரக் குழாய். ஹெர்பியில் வால்வை அடிக்கடி திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும், மூன்றாவது முறையில் திறந்த குழாய் அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ளும். கூடுதல் செலவு ஒரு துளை, ஒரு டேங்க் நிப்பிள், சில அடி ஒன்றரை அங்குலக் குழாய். சுவருக்குள் இருக்கும் தொட்டிக்கு இதைத் தவிர வேறு எதையும் சொல்ல மனம் வரவில்லை.

முழுநீர்க் குழாய்க்கு பால் வால்வு போடாமல் கேட் வால்வு போடுங்கள். நுண்ணிய திருகல் பால் வால்வில் வராது. அந்தக் குழாயின் கீழ்முனை கீழ்த்தொட்டி நீரில் 2.5 செ.மீ.க்கு மேல் முங்கக் கூடாது. முங்கினால் உள்ளே மாட்டிய காற்று வெளியேற முடியாமல், மின்சாரம் திரும்பும்போது குழாய் ஓடத் தொடங்காது.

மின்சாரம் போனால் எவ்வளவு தண்ணீர் கீழே வரும்? நீர்மட்டம் 3 செ.மீ. இறங்கினாலே 40 லிட்டர், குழாய்களில் நிற்பது கூடுதல். 120 × 50 × 45 செ.மீ. கீழ்த்தொட்டியை 24 செ.மீ. மட்டத்தில் ஓட்டினால் செ.மீ.க்கு 6 லிட்டர் வீதம் 126 லிட்டர் காலியிடம் இருக்கும். கீழ்த்தொட்டியிலிருந்து நீர் திரும்பும் குழாயின் வாயைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் வையுங்கள். ஆழமாக வைத்துவிட்டு, நீர் அதன் வழியே பின்னோக்கி இறங்காமல் தடுக்க ஒருவழி வால்வை நம்புவது தவறு. சுண்ணாம்புப் பாசி ஏறிய வால்வு பாதி திறந்தே நிற்கும்.

வெப்பம்: ஃபேன், சில்லர், ஏசி

இந்தக் கட்டுரையின் கனமான பகுதி இது. பவளத்துக்கு 25 முதல் 26.5 டிகிரி நல்லது. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்கத் தொடங்கும்.

ஃபேன் மலிவு. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துச் செல்லும். நாளுக்கு 8 லிட்டர் போனால் 5 யூனிட்டுக்கு மேல். பம்பும் விளக்கும் ஒரு நாளில் தரும் வெப்பம் ஏறக்குறைய அவ்வளவுதான், தாளில் கணக்கு அழகாக முடிகிறது. ஆனால் ஆவியாதல் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அந்தக் காற்றில் காட்டும் அளவுக்கு) கீழே தண்ணீரைக் குளிரவிடாது. 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள சென்னைக் காற்றில் அது 28 டிகிரி. எத்தனை ஃபேன் வைத்தாலும் 28-க்குக் கீழே வராது. குளிர்நாட்டில் சொல்லும் 'எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு ஈரத்தை வெளியே தள்ளு' என்ற வழியும் இங்கே பாதிதான் பலிக்கும், ஏனென்றால் உள்ளே வரும் வெளிக்காற்றே ஈரம்.

சில்லர் தண்ணீரை நேராகக் குளிர்விக்கும், நம்பகமான வழி. குறை, அது எடுத்த வெப்பத்தைத் தான் நிற்கும் அறையிலேயே கொட்டுவது. மூடிய பின்னறையில் வைத்தால் அறை 40 டிகிரி ஆகும், அந்த அறை தொட்டியைச் சூடாக்கும், சில்லர் நிற்காமல் ஓடும், ஒரு மே மாதத்தில் கம்ப்ரசர் போகும். வைத்தால் வெளியே, மழை படாத பால்கனியில்தான் வைக்க வேண்டும். உதிரிப் பாகம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதையும் எண்ணுங்கள்.

பின்னறைக்கு ஒரு டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட் ஏசி வெப்பத்தை வீட்டுக்கு வெளியே தள்ளும், ஈரத்தையும் எடுக்கும், பழுதானால் தெருமுனை மெக்கானிக்கே பார்ப்பார். அறையை 26 டிகிரியில் வைத்தால் காற்று காய்ந்துவிடும். 55 சதவீத ஈரப்பதத்தில் ஈரக்குமிழ் 20 டிகிரிக்கு அருகே இறங்கும். வெளியே பயனற்றுப் போன அதே சின்ன ஃபேன் இப்போது வேலை செய்யும். ஆகவே எங்கள் தேர்வு: அறைக்கு ஏசி, கீழ்த்தொட்டி மேலே தெர்மோஸ்டாட்டில் 26.5-க்கு ஓடும் ஒரு ஃபேன். ஏசியின் உள்யூனிட்டைத் தொட்டிக்கும் ஸ்கிம்மருக்கும் நேர் மேலே மாட்டாதீர்கள், உப்புத் தெறிப்பில் காயில் ஓட்டை விழும். குறை ஒன்று உண்டு: மூடிய ஏசி அறையில் கரியமில வாயு தேங்கி, தொட்டியின் பி.எச். இறங்கும். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை வெளிச்சுவர்த் துளை வழியாக விட்டால் பெரும்பாலும் சரியாகும்.

வெளிச்சம், சுண்ணாம்பு, தண்ணீர்

வெளிச்சத்தில் பேச அதிகமில்லை. மெட்டல் ஹாலைடு வெப்பத்துக்காகவே தள்ளுபடி. டி5 குழல்களை ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும், கிடைப்பதும் அருகிவருகிறது. எல்.இ.டி. போதும், மென்பவளத்துக்கு 50 முதல் 150 பார் (PAR, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு). விளக்கைக் கப்பியில் தொங்கவிடுங்கள், வேலை செய்யும்போது மேலே ஏற்றலாம்.

கால்சியத்துக்கு ரியாக்டர், இரு கரைசல் டோசிங், சுண்ணாம்பு நீர் என்று மூன்றில் மென்பவளத் தொட்டிக்குச் சுண்ணாம்பு நீர் தாராளம். தெளிந்த நீரில் லிட்டருக்கு 1.7 கிராம் அளவே கரையும். ஆவியாகும் 8 லிட்டரையும் அதாலேயே நிரப்பினால், இந்தத் தொட்டியின் காரத்தன்மை நாளுக்கு ஏறக்குறைய 1 டி.கே.எச். கூடும், மென்பவளத்துக்கு இதுவே அதிகம், பாதி நீரைச் சாதாரணமாக விடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகாது, உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும். மிதவை ஸ்விட்ச் சிக்கினால் பி.எச். ஏறி எல்லாம் சாகும் என்பதால் சுண்ணாம்பு வாளியில் ஒருநாள் தேவைக்கு மேல் வைக்காதீர்கள்.

சென்னைக் கரையில் கடல்நீர் எடுக்க ஆசை வரலாம். கூவமும் அடையாறும் கலக்கும் கரை அது. வடகிழக்குப் பருவத்தில் உப்பும் குறையும். ஆர்.ஓ. நீரில் உப்புப் பொடி கலப்பதே வழி, லிட்டருக்கு ஏறக்குறைய 38 கிராம், அடர்த்தி 1.025. வீட்டு ஆர்.ஓ.வில் சுவைக்காக மூலநீரைக் கலக்கும் டி.டி.எஸ். திருகு இருக்கும், முழுதாக மூடிவிடுங்கள். போர்வெல் 1500 டி.டி.எஸ். என்றால் மெம்பரேன் தாண்டியும் 30, 40 மிஞ்சும், அதன்பின் டி.ஐ. ரெசின் (மிச்ச உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் மணிகள்) இல்லாமல் முடியாது.

பம்புகளில் 24 வோல்ட் டி.சி. வகையை எடுங்கள். மின்தடையில் ஒரு அலை பம்பை (தொட்டிக்குள் நீரைச் சுழற்றுவது) பேட்டரியிலிருந்து நேராகவே ஓட்டலாம், பிராணவாயுவுக்கு அது போதும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இரண்டு வேண்டும், கருவிகளைப் பாதிப் பாதியாகப் பிரித்து. ஒன்று விழுந்தாலும் மற்றதில் தண்ணீர் சுழல வேண்டும்.

சட்டத்தை மாட்டுவதற்கு முன், நல்ல தண்ணீர் நிரப்பி 7 நாள் விடுங்கள். மூட்டுகளுக்கு அடியில் உலர்ந்த செய்தித்தாள் விரித்து வைத்தால் ஒரு சொட்டும் தெரிந்துவிடும். மெயினை அணைத்துக் கீழ்த்தொட்டி எந்த மட்டம் வரை ஏறுகிறது என்று மார்க்கரில் கோடு போடுங்கள். முழுநீர்க் குழாயின் வால்வைக் கையால் மூடி, மற்ற இரண்டு குழாய்கள் மொத்த நீரையும் இறக்குகின்றனவா பாருங்கள். அதன்பின் மின்சாரத்தை மூன்று முறை அணைத்துப் போடுங்கள். மூன்று முறையும் யாரும் தொடாமல் ஓட்டம் தானாகத் திரும்பினால் தச்சரை வரச் சொல்லலாம்.